ஒரே மூச்சில் பதினெட்டுப் பெயர்

கிழக்கேகோட்டை,
7 மே 2021

அன்புள்ள இசக்கிசெல்விக்கு,

உன் மலையில் வியாழக்கிழமை கிளாசுக்கு மட்டும்தான் டவர் கிடைக்கும் போலிருக்கிறது. அதனால்தான் கொரோனா சாம்பிள் கொண்டுவரும் ஜீப் டிரைவர் அனில் கையில் இதைக் கொடுக்கிறேன். அந்தக் கிளாசில் மலை நர்சுகள் பதினெட்டு பேரும் போனிலேயே ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுப்பார்கள், நான் வருகைக்குப் பெயர் வாசித்தால் போதும் என்றார் மேட்ரன். வார்டில் நின்று அலுத்து வந்த பிறகு அதுவே மலையாகத் தெரிகிறது. மகன் நவநீத்தை நாத்தனார் வீட்டில் விட்டிருக்கிறேன். வீட்டில் பேச்சுத்துணைக்கு ஆளில்லை. நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா?

உன் விஜயலக்ஷ்மி

மலை சுகாதார நிலையம்,
11 மே

விஜயா,

சாப்பிடுகிறேன், நின்றுகொண்டே. இங்கே ஆக்சிமீட்டர் ஒன்றே ஒன்று. அது இல்லாதபோது நோயாளியை ஒரே மூச்சில் எண்ணச் சொல் என்று நம் நர்ஸ் பிபின் கிளாசில் சொன்னானே, அது கைகொடுத்தது. ரப்பர் வெட்டும் தாணுமாலையன், “எனக்கு ஒண்ணும் இல்ல கேட்டோ” என்றார். எண்ணச் சொன்னேன், ஏழுக்கு மேல் போக முடியவில்லை. கீழே அனுப்பினேன், பிழைத்துவிட்டார்.

உன்மேல் ஒரு குறை. டேட்டா மிச்சம் என்று வீடியோவை அணைத்து முகத்தையே காட்டுவதில்லை. ஆனாலும் அர்ச்சகர் மாதிரி எல்லாப் பெயரையும் ஒரே மூச்சில் கொட்டுகிறாயே, அதைக் கேட்கத்தான் டவர் கிடைக்கும் தண்ணீர்த் தொட்டி மேல் ஏறி உட்காருகிறேன்.

இசக்கி

20 மே

விஜயா,

இன்று கிளாசில் ஒவ்வொரு பெயருக்கும் நிறுத்தி நிறுத்தி வாசித்தாய். மற்றவர்கள் நெட்வொர்க் கோளாறு என்று நினைத்திருப்பார்கள். என் பெயருக்கு முன்னால் நீ மூச்சு வாங்கியது எனக்குக் கேட்டது. போன் போட்டேன், எடுக்கவில்லை. “ஒன்றுமில்லை, அசதி” என்று மெசேஜ் மட்டும் வந்தது. தாணுமாலையனும் அதைத்தான் சொன்னார்.

வார்டில் எத்தனையோ பேர் விரலில் ஆக்சிமீட்டர் மாட்டுகிறவள், உன் விரலில் மாட்டியிருக்க மாட்டாய். எங்கள் ஆக்சிமீட்டரை அனிலிடம் கொடுத்திருக்கிறேன். இதைப் படிக்கும்போது உன் வாசலில் நிற்பான். விரலை நீட்டு. தொண்ணூற்று நாலுக்குக் கீழே என்றால் வண்டியில் ஏறு. எனக்குக் கோபமாகவும் பயமாகவும் இருக்கிறது.

இசக்கி

கோவிட் வார்டு,
25 மே

இசக்கி,

எண்பத்தெட்டு காட்டியது. நான் ஏதோ சமாதானம் சொல்லப் போனேன். “ஒண்ணும் பறயண்டா சேச்சி, கேறிக்கோ” என்று பேசவிடாமல் ஏறச் சொல்லி அனில் ஜீப் கதவைத் திறந்துவிட்டான். வெறும் அசதி என்று நானே நம்பியிருந்தேன். இன்னும் ஒரு நாள் போயிருந்தால் என்று டாக்டர் ஆரம்பித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

ஆக்சிமீட்டரைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். அங்கே அதற்குத்தான் வேலை அதிகம். ஆக்சிஜன் குழாயோடு எழுதுவதால் கை ஓடவில்லை.

வியாழக்கிழமை கிளாசை நிறுத்திவிடாதே. பெயர்களை நீ வாசி, மெதுவாகவே வாசி. கடைசியில் என் பெயரையும் சேர்த்துக்கொள். பதில் சொல்ல முடியாவிட்டாலும் கேட்டுக்கொண்டிருப்பேன்.

விஜயா