ஓட்டை இல்லாத கோப்பை

பிப்ரவரி 3

கடை திறந்ததும் முதலாளி சொன்னார்: "நீ இனிமே பின்னாடி மெஷின்ல உட்காரும்மா. முன்னாடி புதுப் பொண்ணு பார்த்துக்கட்டும்."

பதினொரு வருஷம் அந்தக் கவுன்ட்டரில் உட்கார்ந்து, வருகிறவர்களின் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி கண்ணாடியைச் சரிசெய்து கொடுத்தவள் நான். பின்னறையில் ஜன்னல் கிடையாது. லென்ஸ் தேய்க்கும் மெஷின், ஒரு தண்ணீர்க் குழாய், ஒரு ஸ்டூல், அவ்வளவுதான். ஏன் சார் என்று கேட்டேன். "உன் கை நேர்த்தி அவளுக்கு வராது, அதான்" என்றார். பாராட்டாம்.

பிப்ரவரி 4

புதுசு (இங்கே அவளை இப்படித்தான் எழுதப்போகிறேன்) ஒரு செடி கொண்டுவந்து ஜன்னலோரத்தில் வைத்திருக்கிறாள். என் இடத்தில். தடித்த இலைகள் ரோஜாப்பூ மாதிரி அடுக்கடுக்காக இருக்குமே, அந்தச் சக்குலன்ட். வெள்ளைப் பீங்கான் கோப்பையில். முதலாளி குனிந்து பார்த்து, "கடைக்கே ஒரு களை வந்திடுச்சு" என்றார்.

என் வீட்டுப் பால்கனியில் இதே மாதிரி ஏழு இருக்கின்றன. யாருக்குத் தெரியும்?

பிப்ரவரி 19

வாத்தியார் வந்தார். பிரேம் தளர்ந்துவிட்டது என்று மூன்று மாதத்துக்கு ஒருமுறை வருவார். என்னைத் தவிர யாரையும் தொடவிட மாட்டார். இன்று கதவிடுக்கில் பார்த்துக்கொண்டு நின்றேன். அவள் இரண்டே நிமிஷத்தில் திருகை முடுக்கிக் கொடுத்து, அவர் சொன்ன ஜோக்குக்கு விழுந்து விழுந்து சிரித்தாள். பத்து வருஷமாக என்னிடம் சொன்ன அதே ஜோக். போகும்போது உள்ளே எட்டிக்கூடப் பார்க்கவில்லை மனுஷன்.

வயிறு எரியுது. எழுதிட்டேன், போதும்.

பிப்ரவரி 20

ராத்திரி வீட்டில் இவரிடம் புலம்பினேன். "போயும் போயும் ஒரு சின்னப் பொண்ணு மேலயா?" என்றார். சின்னப் பொண்ணாம். இருபத்தொன்பது வயசு.

மார்ச் 6

செடியின் கீழ் இலைகள் தொங்க ஆரம்பித்திருக்கின்றன. அதைப் பார்த்து எனக்கு ஏன் இவ்வளவு சந்தோஷம்?

மார்ச் 8

கோப்பையைத் தூக்கிக்கொண்டு பின்னறைக்கே வந்துவிட்டாள். "அக்கா, இது ஏன் இப்படித் தொங்குது? உங்களுக்கு ஏதாவது தெரியுமா?"

ஒரு இலையை அழுத்திப் பார்த்தேன். தாகம் என்றால் இலை மெலிந்து சுருங்கியிருக்கும். இது மஞ்சளாக, உப்பலாக, கொழகொழவென்று இருந்தது. விரலில் ஈரம் ஒட்டியது. கோப்பையைத் தூக்கி அடியைப் பார்த்தேன். ஓட்டை இல்லை. ஊற்றிய தண்ணீர் வெளியேற வழியில்லாமல் வேர் ஊறிக்கொண்டு இருக்கிறது. தண்ணீரை நிறுத்தி மண்ணை மாற்றினால் ஒரு வாரத்தில் தேறிவிடும்.

"தாகம்" என்றேன். "தினமும் அரை டம்ளர் ஊத்து."

"தினமுமா?"

"தினமும்."

வாய் தவறிச் சொல்லவில்லை. நான்தான் சொன்னேன்.

மார்ச் 14

தினமும் காலையில் டம்ளரோடு என் அறைக்கு வருகிறாள். குழாய் இங்கேதானே இருக்கிறது. "அக்கா, சாப்டீங்களா?" "உம்." "இன்னிக்கு நிறைய லென்ஸா?" "உம்."

அரை டம்ளர் பிடித்துக்கொண்டு போகிறாள். நான் மெஷினை ஓடவிடுகிறேன்.

மார்ச் 20

இலைகள் தொட்டால் விழுகின்றன. தண்டு அடியில் கறுத்துவிட்டது. கடையில் நாலு பேர் இருக்கும்போதே முதலாளி கத்தினார்: "ஒரு செடியைப் பார்த்துக்கத் தெரியலை, நீ கஸ்டமரை எங்கே பார்த்துக்கப்போறே? எடுத்து வெளியே போடு!"

உள்ளே நான் மெஷினை நிறுத்திவிட்டு நின்றேன். இப்போது சொல்லப்போகிறாள், அக்காதான் ஊத்தச் சொன்னாங்க என்று.

"என் தப்புதான் சார்" என்றாள்.

மதியம் சாப்பாட்டு டப்பாவை நான் திறக்கவே இல்லை.

மார்ச் 21

கோப்பையைக் குப்பைக்கூடையில் கவிழ்க்கப் போனாள். "குடு இங்க" என்று பிடுங்கிக்கொண்டேன்.

செய்தித்தாளை விரித்து அதன் மேல் செடியைத் தட்டினேன். சேற்று நாற்றம். வேரெல்லாம் கறுத்து நூல் நூலாகக் கையோடு வந்தது. கத்தரியைச் சுடுநீரில் துடைத்துவிட்டு, அழுகினதையெல்லாம் வெட்டினேன். தண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக நறுக்கிக்கொண்டே போனேன் — உள்ளே கறுப்புப் புள்ளி இல்லாமல் வெளிர்பச்சையாகத் தெரியும்வரை. கடைசியில் விரல் நீளத் தண்டும், உச்சியில் ஒரு கைப்பிடி இலையும்தான் மிஞ்சின.

"பிழைக்குமாக்கா?"

அப்போதுதான் சொன்னேன். "அன்னிக்கே எனக்குத் தெரியும். தண்ணி அதிகமாகித்தான் தொங்குச்சு. தெரிஞ்சேதான் ஊத்தச் சொன்னேன்."

"ஏன்க்கா? நான் உங்களை என்ன பண்ணேன்?" என்றாள். என்ன சொல்வது? நீ என் நாற்காலியில வந்து உட்கார்ந்தேன்னா?

"நான் முன்னாடி வேலை பார்த்த கடையை மூடின அன்னிக்கு, கூட இருந்தவங்க சேர்ந்து குடுத்தது இது" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

மார்ச் 24

பேசவில்லை. டம்ளரும் வரவில்லை. மெஷின் சத்தம் மட்டும்.

மார்ச் 27

ஆறு நாள் நிழலில் கிடந்ததில் வெட்டுவாய் நன்றாகக் காய்ந்துவிட்டது. வீட்டிலிருந்து ஓட்டை போட்ட மண்தொட்டி கொண்டுபோனேன். பாதிக்கு மேல் பருமணல், கொஞ்சம் பொடிக்கல், மீதி மண். நட்டுக்கொண்டிருக்கும்போது வந்து கதவில் சாய்ந்து நின்றாள்.

"அரை டம்ளர் தினமும் ஊத்தினா அழுகிடும்னு எனக்கே தோணுச்சுக்கா" என்றாள். முகத்தில் கோபம் அப்படியே இருந்தது. "ஆனா இங்க சேர்ந்ததுலேர்ந்து நீங்க எங்கிட்ட முழுசா பேசினது அந்த ஒரு வாட்டிதான். டம்ளரோட வந்தா இன்னும் ரெண்டு வார்த்தை பேசுவீங்கன்னு வந்துட்டிருந்தேன்."

'உம்' என்று வாய்வரை வந்தது. விழுங்கினேன். "ஒரு வாரத்துக்குத் தண்ணி காட்டாதே" என்றேன்.

ஏப்ரல் 4

மண் காய்ந்திருக்கிறதா என்று விரலை விட்டுப் பார்க்கக் கற்றுக்கொண்டுவிட்டாள். பார்த்துவிட்டு விரலை என்னிடம் காட்டுகிறாள். "ஊத்தலாமாக்கா?" "நாளைக்கு."

ஏப்ரல் 17

லேசாக இழுத்துப் பார்த்தேன். அசையவில்லை. வேர் பிடித்திருக்கிறது! கத்திவிட்டேன் போல. "ஏ புதுசு, இங்க வா!" சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"புதுசா? என் பேரு அதுவா உங்ககிட்ட?" என்று சிரித்தாள். அந்தச் சிரிப்பைத்தான் கஸ்டமரெல்லாம் தேடி வருகிறார்கள். எரிச்சல் எனக்கு இன்னும் முழுசாகப் போகவில்லை. பொய் எழுதி என்ன ஆகப்போகிறது?

மே 12

சாயங்காலம் முதலாளி கூப்பிட்டார். "பழைய கஸ்டமருங்க உன்னைக் கேக்கறாங்கம்மா. நீ முன்னாடி வந்துடு. அவளைப் பின்னாடி போட்டுடலாம்."

"அந்த மெஷின்ல விட்டா கையை வெட்டிக்குவா சார். ஜன்னல் இல்லாத ரூம்ல அவளால இருக்க முடியாது. முன்னாடியே இருக்கட்டும்" என்று படபடவென்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

பஸ்ஸில் பாதி வழி வந்த பிறகுதான் உறைத்தது, மூன்று மாதமாக நான் ஏங்கினதைத்தான் அவர் கையில் கொடுத்தார் என்று. நாளைக்குப் போய் மனசு மாறிடுச்சு என்றால் இன்னும் கொடுப்பார்.

இவரிடம் சொல்லவில்லை. மேல் அலமாரியிலிருந்து பெரிய டப்பாவை மட்டும் எடுத்துத் தரச் சொன்னேன். என் மதியச் சாப்பாட்டில் பாதியை அவள்தான் காலி பண்ணுகிறாள், சின்னது போதவில்லை.