மதீசன் அடித்த பந்து

ஹாம்
24.09.2024

மதிப்புக்குரிய ஜெயமலர் அவர்களுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் உள்ளவர்களும் சுகமாக இருக்க வேண்டும். என் பெயரைச் சொன்னால் உங்களுக்குத் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை பீலெஃபெல்ட் பேஸ்பால் மைதானத்தில், இடது பக்க வேலியோரம், உங்கள் ஆட்களுக்குப் பக்கத்தில் கறுப்புத் தொப்பியோடு நின்று தொண்டை கிழியக் கத்திய மனிதன் என்றால் ஞாபகம் வரலாம். ஹாம் மோல்ஸ் அணியின் ஆள் நான். பெயர் கனகலிங்கம். வீடுகளுக்கு வர்ணம் அடிப்பது தொழில். உங்கள் பெயரை உங்கள் பயிற்சியாளரிடம்தான் கேட்டு அறிந்தேன். வீட்டு முகவரி தெரியாததால் உங்கள் கழகத்துக்கே இதை அனுப்புகிறேன்.

முதலில் ஒரு மன்னிப்பு. உங்கள் ஹெரன்ஸ் அணிக்குக் கொக்கின் பெயர் என்பதால், "கொக்குக்கு ஒற்றைக் கால்தானே, எப்பிடி ஓடப் போகுது?" என்று ஆட்டத்தின் நடுவில் தமிழில் கத்தியது நான்தான். அந்தக் கூட்டத்தில் தமிழ் விளங்குகிறவர் எவரும் இல்லை என்ற துணிவு. நீங்கள் திரும்பி ஒரு பார்வை பார்த்தீர்கள். அதோடு எனக்கு வாய் அடைத்துவிட்டது.

இனி எழுத வந்த விஷயம். கடைசிச் சுற்று. நாங்கள் ஒரு ஓட்டம் முன்னுக்கு நிற்கிறோம். உங்களில் ஒருவர் தளத்தில் நிற்கிறார், இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் கதை முடிந்தது. மட்டையோடு வந்தவர் உங்கள் மகன் என்று அப்போது எனக்குத் தெரியாது. அவர் அடித்த பந்து உயர எழும்பி எங்கள் பக்கம் வந்தது. அதைப் பிடிக்க ஓடி வந்தது என் மகள் அஜிதா. மோல்ஸ் அணியில் இருக்கும் ஒரே பெண் அவள். வேலியில் முதுகு முட்டக் கையுறையை நீட்டினாள். பந்து வேலிக்கு வெளியே போய் விழுந்தது. நடுவர் விரலைச் சுழற்றி ஹோம் ரன், இரண்டு ஓட்டம் என்று காட்டினார். நீங்கள் வென்று மேல் லீகுக்குப் போகிறீர்கள் என்று ஆகிவிட்டது.

அஜிதா நடுவரிடம் ஓடிப்போய், யாரோ வேலிக்கு மேலால் கையை நீட்டிப் பந்தைத் தட்டியதாகச் சொன்னாள். தான் காணவில்லை என்றார் அவர். எங்கள் பயிற்சியாளரே, தவறவிட்டதற்குச் சாட்டுச் சொல்லாதே என்று அவளை ஏசினார். அவளைப் பெற்ற நானும் அதைத்தான் நினைத்தேன்.

அப்போதுதான் நீங்கள் தனியாக வேலியோரம் நடந்து போய், அந்தக் கை உங்களுடையது என்று உங்கள் பயிற்சியாளரிடம் சொன்னீர்கள். அவரும் நேர்மையான மனிதர். நேரே நடுவரிடம் போனார். பார்வையாளரின் கை தடுத்த பந்து சட்டப்படி பிடித்த பந்துதான். உங்கள் மகன் ஆட்டமிழந்தார், நாங்கள் வென்றோம். எங்கள் பக்கம் முழுவதும் எழுந்து நின்று உங்களுக்குக் கைதட்டியது. நீங்கள் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டீர்கள்.

வீட்டுக்கு வரும் வழியில் அஜிதா சொன்னதை எழுதாமல் விட முடியவில்லை. "அந்த அன்ரி சொல்லாட்டி நீங்களும் என்னை நம்பியிருக்க மாட்டியள், அப்பா." 

இது தொலைபேசியில் இரண்டு வரியில் அனுப்புகிற நன்றி இல்லை என்பதால்தான் கடிதம்.

உங்களுக்கு என்றும் கடமைப்பட்ட
கனகலிங்கம்


பீலெஃபெல்ட்
13.10.2024

அன்புள்ள கனகலிங்கம் அண்ணைக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. கழகத்தில் யாரோ என் முகவரியை எழுதித் தபாலில் போட்டிருந்தார்கள். முன்பென்றால் யாராவது கையோடு கொண்டுவந்து தந்து, ஒரு தேத்தண்ணியும் குடித்துவிட்டுப் போயிருப்பார்கள்.

நீங்கள் கத்தியதை நான் பிழையாக எடுக்கவில்லை. உங்கள் அணிக்கு அகழெலியின் பெயர். அதற்குக் கண் தெரியாது என்று பதிலுக்குக் கத்த எனக்கும் வாய் வரை வந்தது. பக்கத்தில் நின்ற ஜெர்மன் ஆட்களுக்கு மொழிபெயர்க்க வேண்டி வருமே என்று விட்டுவிட்டேன்.

ஆனால் அண்ணை, நீங்கள் நினைக்கிற அளவுக்கு நான் நல்லவள் இல்லை. பந்து வருகிறதைக் கண்டதும் என்னை அறியாமல் கையை நீட்டிவிட்டேன். விரலில் பட்டு நகம் பிய்ந்தது. எல்லோரும் என்னைக் கட்டிப்பிடித்தார்கள், நானும் துள்ளினேன். என் பிள்ளை இரண்டு கையையும் உயர்த்திக்கொண்டு தளங்களைச் சுற்றி ஓடி வருகிறான். விரலை ஜக்கெட் பைக்குள் வைத்துக்கொண்டேன். கண்டவர்கள் இரண்டு பேர் இருந்தார்கள். ஒருவர் எனக்குக் கண்ணடித்தார்.

பிறகு உங்கள் மகளின் குரல் கேட்டது. தான் பொய் சொல்லவில்லை என்று ஜெர்மனில் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாள். கெஞ்சுகிற குரல் இல்லை, அழுகையும் இல்லை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒரு தையல் தொழிற்சாலையில் மெஷினில் கோளாறு என்று நான் சொன்னதை ஒருவரும் நம்பவில்லை. எனக்கு அப்போது பாஷை இல்லை. இந்தப் பிள்ளைக்குப் பாஷை இருந்தும் நம்ப ஆள் இல்லை. அதற்குப் பிறகு அந்த இடத்தில் நிற்க எனக்கு ஏலவில்லை, நடந்துவிட்டேன்.

இங்கே நிலைமை அவ்வளவு நல்லதாக இல்லை. மகன் மதீசன் அன்று காரில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "அம்மா, நீங்கள் ஆரின்ர பக்கம்?" அதன் பிறகு பேச்சு இல்லை. Ausbildung என்கிற தொழிற்பயிற்சி செய்கிற இடத்துக்குக் கிட்ட என்று சொல்லி, கூட்டாளி ஒருவனின் வீட்டுக்குப் போய்விட்டான். ஹெரன்ஸ் ரசிகர்களின் வட்ஸ்அப் குழுவில் இருந்து என்னை எடுத்துவிட்டார்கள். மதீசனின் அப்பாவுக்குப் பந்து என்றால் கிரிக்கெட் பந்து மட்டும்தான். எல்லாக் கதையையும் கேட்டுவிட்டு, "நீர் ஏன் முதல்ல கையை நீட்டினனீர்?" என்றார். நியாயமான கேள்விதான்.

உங்கள் கடிதத்தைப் பலமுறை வாசித்தேன். ஆறுதலாக இருந்தது. அஜிதாவுக்கு என் அன்பைச் சொல்லுங்கள்.

அன்புடன்
தங்கச்சி ஜெயமலர்


ஹாம்
22.11.2024

அன்புத் தங்கச்சி ஜெயமலருக்கு,

நீங்கள் தங்கச்சி என்று எழுதியதால் உரிமையோடு தொடங்குகிறேன். கடிதம் கண்டதில் இருந்து மனம் சரியில்லை. எங்கள் வீட்டுச் சந்தோஷத்துக்கான விலையை உங்கள் வீட்டில் கொடுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று எனக்குத் தெரியாமல் போயிற்று.

அஜிதாவின் செய்தி நல்லது. பயிற்சியாளர் அவளிடம் எல்லோருக்கும் முன்னால் மன்னிப்புக் கேட்டார். மேல் லீகிலும் இடது பக்கம் அவளுக்குத்தான் என்று சொல்லியிருக்கிறார். நானும் மன்னிப்புக் கேட்டேன். "சரி அப்பா" என்றாள். இரண்டு நாள் கழித்து, தன் கையுறைக்கு எண்ணெய் பூசித் தரச் சொல்லித் தந்தாள். முன்பு அதை என்னைத் தொட விடமாட்டாள்.

எங்கள் கழகக் கூட்டத்தில் உங்களைப் பற்றிப் பேசினேன். எங்கள் ரசிகர்களுக்குத் தலைவி றீற்றா என்று ஒரு ஜெர்மன் பெண், வாய் ஓயாதவர். அவரும் கதை முழுவதையும் கேட்டார். பிறகு, ஹெரன்ஸை நாங்கள் வென்றதாக இனி ஒருவரும் பெருமை பேசக்கூடாது, அவர்கள் எங்களுக்குத் தந்த வெற்றி அது என்றார். ஒருவரும் மறுக்கவில்லை.

ஒன்று கேட்கிறேன், கோபிக்க வேண்டாம். மதீசனுக்கு நான் ஒரு கடிதம் எழுதட்டுமா? வெளி ஆள் சொன்னால் சிலவேளை பிள்ளைகள் கேட்பார்கள். உங்கள் சம்மதம் இல்லாமல் எழுத மாட்டேன்.

குளிர் தொடங்கிவிட்டது. விரலைக் கவனித்துக்கொள்ளுங்கள், பிய்ந்த நகத்துக்குக் குளிர் கூடாது.

உங்கள்
கனகலிங்கம் அண்ணை


பீலெஃபெல்ட்
18.01.2025

அன்புள்ள அண்ணைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. நத்தார், புதுவருடம் என்று எல்லோரும் லீவு எடுக்க, ட்ராம் ஓட்ட நாங்கள் கொஞ்சப்பேர்தான். பொங்கல் எப்படிப் போனது? எங்கள் வீட்டுப் பொங்கல் கொஞ்சம் அடிப்பிடித்துவிட்டது. மதீசன் வந்திருந்தான். அவனைப் பார்த்துக்கொண்டு நின்றதில் அடுப்பைக் கவனிக்கவில்லை.

தகப்பனோடு கதைத்தான். என்னிடம் உப்பு வேண்டுமா என்பது போன்ற கதைதான். புறப்படும்போது சப்பாத்தைப் போட்டுக்கொண்டு, நிலத்தைப் பார்த்தபடி, "அம்மா, நீங்கள் பேசாமல் இருந்திருக்கலாம்" என்றான்.

"ஓம், இருந்திருக்கலாம்" என்றேன்.

வேறு என்ன சொல்ல? அது பொய் இல்லையே. நான் இருந்திருக்கலாம்தான். அவன் இன்னும் ஏதோ சொல்ல வந்ததுபோல் நின்றுவிட்டுப் படியிறங்கினான்.

ஆகையால் அண்ணை, அவனுக்கு எழுத வேண்டாம். உங்கள் மனம் எனக்குத் தெரியும். ஆனால் மற்றவர்கள் சொல்லி அவன் வந்தால், வந்தது என் பிள்ளையா, உங்கள் கடிதமா என்று எனக்கு விளங்காது. அவன் தானாக வரட்டும்.

நான் இனி மைதானத்துக்குப் போவதில்லை என்று முடிவெடுத்துவிட்டேன். அவன் விளையாடும்போது என் முகம் அவன் கண்ணில் படவேண்டாம். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை கேட்டு வாங்கிவிட்டேன். மைதானத்துக்குக் கிட்டவாக ட்ராம் போகும்போது ரசிகர்களின் மேளச் சத்தம் கேட்கப்போகிறது. அதைக் கேட்டால் போதும் என்று இப்போது நினைக்கிறேன்.

உங்கள் கடிதங்கள் வராவிட்டால் இந்தக் குளிர்காலம் இன்னும் நீண்டிருக்கும். அதற்கு நன்றி.

அன்புடன்
ஜெயமலர்


ஹாம்
28.04.2025

அன்புத் தங்கச்சிக்கு,

நேற்று உங்கள் ஊருக்கு வந்திருந்தோம். உங்களுக்குத் தெரிந்திருக்கும். இனி இரண்டு அணிக்கும் வேறு வேறு லீக் என்பதால், பருவம் தொடங்க முன் ஒரு நட்பு ஆட்டம். யார் வென்றது என்று கேட்பீர்கள். கொக்குகள்தான். நல்ல ஓட்டம் ஓடினார்கள். என் பழைய பேச்சை வாபஸ் வாங்குகிறேன்.

ஆனால் எழுத வந்தது அதில்லை. ஆட்டம் தொடங்குவதற்கு முன்பே றீற்றா எங்கள் எல்லோரையும் கூட்டிக்கொண்டு உங்கள் ரசிகர்கள் நிற்கிற மூலைக்குப் போனார். ஜெயமலர் எங்கே, அவருக்குக் கைகொடுக்க வேண்டும் என்று கேட்டார். உங்கள் ஆட்கள் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். கடைசியில் மேளம் வைத்திருந்தவர், நீங்கள் இப்போது வருவதில்லை என்றார். ஏன் என்று கேட்டார் றீற்றா. வட்ஸ்அப் குழுவில் இருந்து உங்களை எடுத்த கதையை ஒருவரும் சொல்லவில்லை. றீற்றா கோபப்படவில்லை. எங்களிடம் இப்படி ஒரு ஆள் இருந்திருந்தால் வீட்டுக்குப் போய்க் கூட்டிக்கொண்டு வந்திருப்போம் என்று மட்டும் சொல்லிவிட்டுத் திரும்பினார். நான் பின்னால் வரும்போது பார்த்தேன், அந்த மேளக்காரர் மேளத்தைக் கீழே வைத்துவிட்டு நின்றார்.

இதை எல்லாம் வேலிக்கு உள்ளே நின்று மதீசன் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். எனக்குத் தெரியாது. ஆட்டம் முடிந்து எல்லோரும் கைகொடுக்கும்போது அஜிதாவிடம் நின்று ஏதோ கதைத்தார். பிறகு நேரே என்னிடம் வந்தார்.

"அங்கிள், நீங்கள் எல்லாரும் ஏன் அம்மாவைத் தேடுறியள்?"

"கை குடுக்க வந்தனாங்கள், தம்பி. வேற ஒண்டும் இல்லை."

கொஞ்ச நேரம் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தார். பிறகு எனக்கு ஒரு விஷயம் சொன்னார். அதை நான் இங்கே எழுத மாட்டேன். "அம்மாவுக்கு நீங்கள் சொல்லாதேங்கோ, நானே சொல்லுறன்" என்று கேட்டுக்கொண்டார். சரி என்று சொல்லிவிட்டேன்.

நான் அவருக்குக் கடிதம் எழுதவில்லை, அவரைத் தேடிப் போகவும் இல்லை. உங்களுக்குக் கொடுத்த வாக்கு அப்படியே இருக்கிறது. இப்போது அவருக்குக் கொடுத்த வாக்கும் சேர்ந்து இருக்கிறது. கொஞ்சம் பொறுத்திருங்கள். அவர் நல்ல பிள்ளை, தங்கச்சி. அவ்வளவுதான் சொல்லலாம்.

உங்கள்
கனகலிங்கம் அண்ணை


பீலெஃபெல்ட்
20.05.2025

அன்புள்ள அண்ணைக்கு,

அவன் வந்தான்.

ஞாயிறு பகல், ஸீக்கர் கடைசித் தரிப்பிடம். ட்ராமை நிறுத்திவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் யாரோ தட்டினார்கள். டிக்கெட் கேட்கிற ஆள் என்று திரும்பிப் பார்க்கிறேன், இவன் நிற்கிறான். கதவைத் திறந்தேன். ஏறி வந்து பக்கத்தில் நின்றுகொண்டு, முன்னால் தண்டவாளத்தைப் பார்த்தபடி சொன்னான்.

"அடிச்ச உடனேயே எனக்குத் தெரியும் அம்மா, அது வெளியால போகாது எண்டு. மட்டையில பட்ட விதத்திலயே தெரியும். அந்தப் பிள்ளை பிடிக்கப் போகுது எண்டுதான் நினைச்சனான். நடுவர் கையைச் சுத்தினவுடன, நான் கையைத் தூக்கிக்கொண்டு ஓடிட்டன்."

தண்ணீர்ப் போத்தலை மூடி வைத்தேன். பிறகு, "அப்ப ஏனடா என்னோட கோவிச்சனி?" என்று கேட்டேன்.

"உங்களோட இல்லை" என்றான்.

அண்ணை, எட்டு மாதம் நான் என் பிள்ளையின் கோபத்தைச் சுமந்தேன் என்று நினைத்திருந்தேன். அவன் சுமந்ததை நான் காணவில்லை. தலையைப் பிடித்து இழுத்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன். சீருடையோடு இருக்கும்போது அழக்கூடாது என்று ஒரு சட்டமும் இல்லை. புறப்படுகிற நேரம் வந்துவிட்டது, ஆட்கள் ஏறத் தொடங்கிவிட்டார்கள். அவன் இறங்குவான் என்று பார்த்தேன். எனக்குப் பின்னால் இருந்த முதல் இருக்கையில் போய் இருந்துகொண்டான். என் வேலை முடியும் மட்டும், அந்தக் கரைக்கும் இந்தக் கரைக்குமாக என்னோடேயே வந்தான்.

அவன் உங்களுக்குச் சொன்னது இதுதான் என்று இப்போது தெரியும். நீங்கள் அதை எழுதியிருந்தால், செய்தி எனக்கு அன்றைக்கே கிடைத்திருக்கும். ஆனால் அது உங்கள் வாயால் வந்த செய்தியாக இருந்திருக்கும். மூன்று கிழமை பொறுத்து, அதை என் பிள்ளையின் வாயாலேயே கேட்க வைத்தீர்கள். பந்து விஷயத்தில் நீங்கள் எனக்கு நன்றி எழுதினீர்கள். இதற்கு நான் உங்களுக்கு எப்படி எழுதுவது என்று தெரியாமல்தான் இவ்வளவு நேரம் பேனையோடு இருக்கிறேன்.

றீற்றாவுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள். அந்த மேளக்காரர் போன வாரம் எங்கள் வீட்டுக்கு வந்தார். வாசலிலேயே நின்று, தாங்கள் நடந்துகொண்டது பிழை என்றார். உள்ளே கூப்பிட்டேன். ஒரு வடையோடு நிறுத்துவார் என்று பார்த்தேன், நிறுத்தவில்லை.

வருகிற ஞாயிறு எங்களுக்கு இங்கே ஆட்டம். மதீசன் முதலாவதாக மட்டை பிடிக்கிறானாம். "வருவீங்களா அம்மா?" என்று கேட்டான். வேலையை மாற்றித் தரச் சொல்லிக் கூட வேலை செய்கிற ஒருவரிடம் கேட்டிருந்தேன். சம்மதம் என்று சற்று முன்புதான் தகவல் வந்தது.

அன்பு மாறாத
ஜெயமலர்