பொய்ப் படகின் பொட்டு

அம்மா,

உன் சட்டை இன்னும் என்னைக் கடிக்கிறது. அப்பா மஸ்கட்டுக்கு எடுத்துப்போக மறந்த நீல முழுக்கைச் சட்டையைத்தான் சொல்கிறேன். அதைச் சேலைக்கு மேல் மாட்டிக்கொண்டுதான் நீ படகுப் பட்டறைக்குப் போவாய். நீ போய் ஏழு மாதம் ஆகிவிட்டது. நான் அதை நான்கு முறை துவைத்தும் விட்டேன். ஆனாலும் இன்று காலை போட்ட ஐந்தாவது நிமிடமே முழங்கைக்குள் ஊசி ஊசியாகக் குத்த ஆரம்பித்துவிட்டது. கண்ணாடி இழைத் தூள். கண்ணுக்குத் தெரியாது, வெளுத்தாலும் போகாது. குணத்தில் அப்படியே நான்தான். “சொறியாதட்டி, சொறிஞ்சா உள்ள போவும்” என்று நீ சொல்வது காதில் விழுந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சொறியாமல் பஸ் ஏறினேன்.

சட்டையை எடுத்ததற்குக் காரணம் உண்டு. இன்று முதல் படகை அச்சிலிருந்து எடுத்தார்கள்.

நீ அந்தப் பட்டறைக்குப் போய்ச் சேர்ந்ததே ஒரு கூத்து. சுசீந்திரத்தில் நம் வீட்டு முன்னறையில் பிளவுஸ் தைத்துக்கொண்டிருந்தவள் நீ. மணக்குடியில் மீன்பிடி வல்லங்கள் செய்யும் தாஸ் மாமா ஒரு தார்ப்பாய் தைக்கவேண்டும் என்று வந்து, அளவு காட்ட உன்னைப் பட்டறைக்குக் கூட்டிப்போனார். வாலாக நானும் போனேன். அங்கே இரண்டு பேர் ஒரு வல்லத்தின் மூக்கில் கண்ணாடி இழை மேட்டை ஒட்டிக்கொண்டிருந்தார்கள். மேட் என்றால் வெள்ளைக் கம்பளி போலத்தான் இருக்கும். ரெசின் என்கிற பிசினில் நனைத்து அடுக்கடுக்காக ஒட்டினால் இறுகிப் படகாகிவிடும். ஆனால் மூக்கு வளைவில் அது சுருங்கிச் சுருங்கி எழும்பியது. சுருக்கத்துக்குள் காற்று நின்றால் பின்னால் அந்த இடத்தில் வெடிப்பு வருமாம். நீ தார்ப்பாயை மறந்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டு நின்றாய். பிறகு யாரையும் கேட்காமல் கத்தரியை எடுத்து, பிளவுஸுக்கு டார்ட் பிடிக்கிற மாதிரி மேட்டில் நாலு முக்கோணம் வெட்டி, விளிம்பின்மேல் விளிம்பை ஏற்றி வைத்தாய். அவ்வளவு நேரம் முரண்டு பிடித்த மேட் சாதுவாக வளைவோடு படுத்துக்கொண்டது.

தாஸ் மாமா அந்த வளைவைக் குனிந்து பார்த்தார். பிறகு, “ஏ தையல்காரி, நாளைக்கும் வருவியா?” என்று கேட்டார். அந்தத் தார்ப்பாய் இன்றுவரை தைக்கப்படவில்லை.

சனி, ஞாயிறுகளில் நானும் வரலாமா என்று நீதான் அவரிடம் கேட்டாய். அவர் என் முகத்தைப் பார்த்ததுமே ஆளை எடைபோட்டுவிட்டார். ரெசினும் அதை இறுகவைக்கும் ஹார்டனரும் விளையாட்டுச் சாமான் இல்லை, ஒரு சேட்டை செய்தாலும் அன்றோடு வாசலுக்கு வெளியே, உனக்காகக்கூட இரக்கம் கிடையாது என்றார். பள்ளிக்கூடத்தில் பிளஸ் டூ படிக்கிற நான் அவர் பட்டறையில் மைனஸ் டூ.

அப்போதுதான் ஷீபா அக்கா வந்தார். துபாயிலிருந்து திரும்பியவர், காயலில் வாடகைப் படகு விடப்போகிறார். எட்டுப் பேர் உட்காரவேண்டும், கூரை வேண்டும், சத்தமில்லாத பேட்டரி மோட்டார் வேண்டும், அப்படி ஆறு படகு வேண்டும் என்றார். தாஸ் மாமா வரைந்து காட்டியது குடை பிடித்த வல்லம் மாதிரி இருந்தது. அதைப் பார்த்து நீ சிரித்துவிட்டாய். “அண்ணே, கடலுக்குப் போறவனுக்க ஒடம்பு வேற. இதுல ஏறப்போறது என்னப்போல உள்ளவ.”

மாமா அந்தத் தாளைக் கிழித்துப்போட்டார். கணுக்காலுக்கு மேல் தண்ணீரைக் கண்டாலே பயப்படுகிற உன்னைத் துறைக்குக் கூட்டிப்போய், பழைய வல்லம் ஒன்றில் பதினொரு தடவை ஏற்றி இறக்கினார். சாக்பீஸோடு பக்கத்திலேயே நின்றார். உன் கை பிடி தேடி அலைந்த இடம், கால் தயங்கிய இடம், சேலை மாட்டிய இடம் எல்லாவற்றிலும் ஒரு கோடு. பதினோராவது தடவையும் நீ “தாணுமாலையா” என்று சாமியைக் கூப்பிட்டுத்தான் காலை எடுத்து வைத்தாய். நான் கரையில் உட்கார்ந்து, இந்த அம்மாவை வைத்துப் படகு செய்தால் அது கட்டிலாகத்தான் வரும் என்று கிண்டல் செய்துகொண்டிருந்தேன்.

கிட்டத்தட்டக் கட்டிலாகத்தான் வந்தது அம்மா. அடி அகலமாக, தட்டையாக. இரண்டு ஓரங்களிலும் பாதம் ஊன்றியதுபோல ஒரு தாழ்வு. கூர் மூக்குக்குப் பதில் பரந்த நெற்றி. கை தேடிய இடத்தில் கைப்பிடி. கால் தயங்கிய இடத்தில் படி. இருக்கைகளுக்கு அடியில் நுரை அடைத்த பெட்டிகள். உள்ளே தண்ணீர் நிறைந்தாலும் முங்காது. மாமா முழ நீளத்தில் ஒரு சின்ன மாதிரி செய்து டிரம் தண்ணீரில் மிதக்கவிட்டார். எட்டுப் பேருக்கு எட்டுக் கல். வாடகைப் படகில் ஏறுபவர்கள் செல்ஃபி எடுக்க எல்லோரும் ஒரே பக்கம் ஓடுவார்கள், அப்போது அது குரூப் போட்டோ இல்லை, குரூப் குளியல் என்று சொல்லிக்கொண்டே எட்டுக் கல்லையும் நான் ஒரு பக்கம் தள்ளினேன். படகு சாய்ந்தது. இன்னும் சாய்ந்தது. பிறகு ஏதோ யோசித்ததுபோல அப்படியே நின்றுவிட்டது. நீ பயந்த பயத்தையெல்லாம் அளந்து எடுத்து அந்த மனிதர் ஒரு வடிவமாக்கியிருந்தார்.

ஒரு படகை மூன்று தடவை கட்டவேண்டும் என்பது அதற்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் பிளைவுட்டும் இடுக்கை அடைக்கும் பட்டியும் வைத்து, முழு அளவில், கவிழ்ந்த நிலையில் ஒரு பொய்ப் படகு. அதன் மேல் இழையும் ரெசினும் பூசி எடுப்பது அச்சு. அச்சுக்குள் மறுபடி இழையும் ரெசினும் அடுக்கினால் வருவது நிஜப் படகு. பொய்ப் படகில் ஒரு தலைமுடி கிடந்தால் அது அச்சிலும் பதியும், அச்சிலிருந்து வருகிற ஒவ்வொரு படகிலும் பதியும். அதனால் தேய்த்துத் தேய்த்து, மெழுகு பூசிப் பூசி, மூன்று வாரம் வேலை நடந்தது. ஒவ்வொரு நாள் முடிவிலும் கடைசித் தடவல் உன்னுடையது. கண்ணை மூடி உள்ளங்கையால் தடவிக்கொண்டே போவாய். எங்கள் கண்ணுக்குத் தெரியாத ஒரு நூலளவு புடைப்பில் உன் கை நிற்கும். “இங்கண” என்பாய். பட்டறையில் யாரும் அதை மறுத்துப் பேசிப் பார்த்ததில்லை.

கடைசி மெழுகு பூசிய சனிக்கிழமை பொய்ப் படகில் முகம் பார்க்கலாம்போல இருந்தது. நீ தடவி முடித்து, சரி என்று சொல்லிக் கை கழுவப் போனாய். நீ மாஸ்க் போடும்போது கழற்றிய மெரூன் ஸ்டிக்கர் பொட்டு, ஆணியில் தொங்கிய இந்தச் சட்டையின் பையில் ஒட்டியிருந்தது. இவ்வளவு பெரிய நெற்றி, இப்படிச் சும்மா கிடக்கிறதே என்று எனக்குத் தோன்றிவிட்டது. குனிந்து உட்கார்ந்து, ஒரு கண்ணை மூடி நடுவைப் பார்த்து, ஒட்டினேன். நீ வந்து பார்த்துத் திட்டுவாய், சிரிப்பாய், எடுத்துவிடலாம் என்பதுதான் திட்டம். அதற்குள் நீ பஸ் வருகிறது என்று வெளியே நின்று கூப்பிட்டாய். ஓடினேன். பஸ்ஸில் ஜன்னல் சீட்டுக்குச் சண்டை போட்டேன். பொட்டு ஞாபகத்திலேயே இல்லை.

மறுநாள் அதிகாலை, வெளிச்சம் சரியாக வருவதற்கு முன்பே, மாமா அச்சின் முதல் பூச்சான கறுப்பு ‘ஜெல் கோட்’டை அதன் மேல் பூசிவிட்டார்.

இரண்டு வாரம் கழித்து அச்சைப் பிரித்தபோது, அச்சின் நெற்றியில் சின்ன வட்டக் குழி, அதற்குள் மெரூன் பொட்டு. யாருடையது என்று கேட்கவே தேவையில்லை. மாமா உன்னைப் பார்த்தார். நான் குனிந்து செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

“எனக்க புத்திகெட்ட பழக்கம் அண்ணே,” என்றாய் நீ. “வீட்டுலயும் இப்படித்தான் கண்டயிடத்துல ஒட்டுவேன். கை தானா போயிட்டு.”

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. உனக்குத் தெரிந்துவிட்டது என்று அதிலிருந்துதான் தெரிந்துகொண்டேன்.

மாமா சத்தம் போடவில்லை. படகு போடும் முன்னால் குழியை அடைத்துவிடலாம் என்றார். ஆனால் அன்றோடு கடைசித் தடவலை அவரே எடுத்துக்கொண்டார். ஒரு பிளவுஸ்கூடத் திருத்தத்துக்குத் திரும்பி வராதவள் நீ. உன்னைப் பட்டறையில் பொட்டக்கா என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். புதிதாக வந்த ஆளுக்குக்கூட, நல்லா பாரு, இல்லைன்னா பொட்டக்கா கதைதான் என்று சொல்லிக்கொடுத்தார்கள். நீயும் கூடச் சிரித்தாய். அச்சைப் பிரித்த அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது நான் “அம்மா, அந்தப் பொட்டு…” என்று ஆரம்பித்தேன். “ஏட்டி, அரிசி களைஞ்சு போட்டியா?” என்றாய். மறுபடி ஆரம்பித்தேன். “ஒனக்கு அங்க வரணும்லா? வாய மூடிட்டு தின்னு.”

மூடினேன். அதுதான் நான் செய்ததிலேயே பெரிய சேட்டை.

அடுத்த மாதம், முதல் படகுக்கான மேட் துண்டுகள் அத்தனையையும் நீயே வெட்டி, எண் போட்டு, சுருட்டிக் கட்டி வைத்தாய். கட்டி வைத்த நான்காம் நாள் பஸ் ஸ்டாப்பில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவள், எழுந்திருக்கவில்லை. பட்டறையில் அந்த வேலை நின்றுபோனது. நீ கட்டி வைத்த துண்டுகளைப் பிரித்து மறுபடி தொடங்கியபோது அந்தக் குழியை அடைக்க ஒருவருக்கும் கை வரவில்லையாம்.

இன்று அதனால்தான் அப்படி ஆனது. மர ஆப்புகளை அச்சின் விளிம்பில் சுற்றிலும் இறக்கி, இடுக்கில் தண்ணீர் ஊற்றினார்கள். உள்ளே எங்கேயோ டப் என்றது. பிறகு இன்னொரு இடத்தில் டப். தூங்கிக்கொண்டிருந்த ஏதோ ஒன்று சோம்பல் முறிப்பதுபோல இருந்தது. செயின் பிளாக் கப்பியில் மாட்டி இழுத்தபோது, போன வாரம்வரை துணியும் டப்பாவில் இருந்த குழம்புமாக இருந்தது, வெள்ளையாக, பளபளவென்று, படகாக எழுந்து வந்தது. நெருப்பு இல்லை, ஆணி இல்லை, ஒரு தையல்கூட இல்லை. மணலில் இரண்டு சட்டத்தின் மேல் அதைக் கவிழ்த்து வைத்தார்கள். எல்லோரும் நெற்றியைத்தான் பார்த்தோம். நடுவில் வெள்ளைப் பொட்டு.

ஷீபா அக்கா அது என்ன என்று கேட்டார். மறதிக்காரப் பொட்டக்காவின் கதையை அவருக்குச் சொன்னார்கள், பாசத்தோடுதான் சொன்னார்கள், சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தார்கள். அக்காவுக்கும் கண் நிறைந்துவிட்டது. அதை அப்படியே விடுங்கள், ஆறு படகிலும் இருக்கட்டும், அவங்க ஞாபகமாக என்றார்.

அம்மா, உன் சட்டைக்குள் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஆறு படகு. காயலில் அவை ஓடும் காலமெல்லாம், கை தப்பியவள் என்று உன்னை நெற்றியில் எழுதிக்கொண்டு ஓடும். யார் முகத்தையும் பார்க்க முடியவில்லை. கவிழ்ந்த படகுக்கு அடியில் நுழைந்துவிட்டேன்.

அங்கேதான் பார்த்தேன். மேலே வெயில். படகின் உடம்பு வழியாக வெளிச்சம் பதநீர் நிறத்தில் இறங்கிக்கொண்டிருந்தது. அந்த வெளிச்சத்துக்குள், நெற்றி வளையும் இடத்தில், பக்கத்துக்கு நான்காக, நீ வெட்டிய முக்கோணங்கள். விளிம்பின்மேல் விளிம்பு ஏறிய இடமெல்லாம் மெல்லிய நிழல் கோடு. ஒரு சுருக்கம் இல்லை, ஒரு காற்றுக் குமிழி இல்லை. எத்தனை தடவை உன் பிளவுஸ் டார்ட்டைக் கோணல் என்று பொய் சொல்லிக் கடுப்பேற்றியிருப்பேன். வாயைத் திறந்தபடி எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேனோ தெரியாது. பள்ளிக்கூடத்துப் பிரார்த்தனையில்கூட நான் அவ்வளவு நேரம் சும்மா இருந்ததில்லை.

தாஸ் மாமா குனிந்து உள்ளே வந்தார்.

“மாமா, அந்தப் பொட்ட ஒட்டுனது நான். அம்மை இல்ல.”

அவர் நிழல் கோடுகளையே பார்த்துக்கொண்டிருந்தார். “கண்ணாடியிலயும் கதவுலயும் மறதியா ஒட்டுறவ மூலையில ஒட்டுவா. இது நூல் பிடிச்ச மாதிரி நடு நெத்தியில இருக்கு. நோக்கி ஒட்டுனது.” மணலில் என் பக்கத்தில் உட்கார்ந்தார். “இது அவ காரியம் முடிஞ்ச பிறகுதான் எனக்க புத்தியில வந்தது மக்கா. அவ இருக்கும்போ வந்திருந்தா அவளுக்க வேலைய அவகிட்ட திருப்பிக் குடுத்திருப்பேன்.”

என்னை வெளியே போகச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் வெளியே தலையை நீட்டி எல்லோரையும் கூப்பிட்டார். ஒவ்வொருவராகத் தவழ்ந்து உள்ளே வந்தார்கள், ஷீபா அக்கா உட்பட. எட்டுப் பேர் படகுக்கு அடியில் ஆறு பேர். மாமா அந்தக் கோடுகளின்மேல் விரலை வைத்தார்.

“தையல்காரிக்குக் கை தப்பல. தப்பினது எனக்குத்தான்.”

ஷீபா அக்கா ஒரு கோட்டை மெதுவாகத் தொட்டு, இதை வெளியே இருந்து பார்க்க முடியாதா என்று கேட்டார். முடியாது, உள்ளே பெயிண்ட் அடித்ததும் இந்தக் கோடுகளும் மறைந்துவிடும், தாங்குவது மட்டும்தான் அதன் வேலை என்றார் மாமா.

இனிப் பொட்டு வேண்டாம் என்று முடிவானது. அச்சில் இருந்த குழியை நான்தான் அடைத்தேன். படகின் பொட்டையும் தண்ணீர்த் தாள் என்கிற நனைத்த உப்புத்தாளால் நான்தான் தேய்த்தேன், மதியம்வரை. முடித்ததும் மாமாவைக் கூப்பிட்டேன். அவர் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். “நீ தடவு.” கண்ணை மூடி உள்ளங்கையால் தடவினேன். மூன்று தடவை. பொட்டு இருந்த இடம் கிடைக்கவில்லை.

திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னல் சீட் சும்மாவே கிடைத்தது. முழங்கையில் மறுபடி ஆரம்பித்தது. சொறிஞ்சா உள்ள போவும் என்பாய்.

போகட்டும் என்று சொறிந்தேன்.