காலையில் எடுத்த படத்தில் காலியாகத் தெரிந்த எங்கள் ஷிப்ட் சந்தை

அனுப்புநர்:
பா. சுகப்பிரியா,
த/பெ. பாபு,
மேட்டுத் தெரு, செம்மேடு கிராமம்,
வல்லக்கோட்டை வழி,
காஞ்சிபுரம் மாவட்டம்.

பெறுநர்:
உயர்திரு மாவட்ட ஆட்சியர் அவர்கள்,
மாவட்ட ஆட்சியர் அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: செம்மேடு கிராமப் பொது மைதானத்தை லாரி நிறுத்துமிடமாகக் குத்தகைக்குக் கேட்டு ஒரு தனியார் கிடங்கு நிறுவனம் தந்துள்ள விண்ணப்பம் – அதனுடன் உள்ள செயற்கைக்கோள் வரைபடம் பயிற்சி வகுப்பில் என் கையால் வரையப்பட்டது – அதை ஏற்க வேண்டாம் எனவும், வரைபடத்தை வெளியே கொடுத்த பயிற்சிப் பள்ளி மீது விசாரணை கோரியும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நான் மின்னணுவியலில் டிப்ளமோ முடித்தவள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனியில் ஒப்பந்தத் தொழிலாளியாக உற்பத்தி லைனில் நின்றேன். ஒப்பந்தம் முடிந்ததும் அனுப்பிவிட்டார்கள். அதன்பின் வேறு நல்ல வேலைக்குப் போகலாம் என்ற ஆசையில், ஒரகடத்தில் இயங்கும் ‘விண்காட்சி குறுகியகாலப் பயிற்சிப் பள்ளி’யில் சேர்ந்தேன். செயற்கைக்கோள் எடுத்த படத்தைக் கணினியே பார்த்து, இது வீடு, இது ஏரி, இது நெல் வயல் என்று சொல்லும்படி பழக்குவதுதான் அங்கே பாடம்.

2. கணினி பிறக்கும்போதே எதையும் தெரிந்துகொண்டு வருவதில்லை. முதலில் மனிதர்கள் காட்டித் தர வேண்டும். படத்தில் ஒவ்வொன்றையும் மவுஸால் சுற்றிக் கோடு போட்டு, கொடுத்திருக்கும் பெயர்களில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து ஒட்ட வேண்டும். நிறையப் படங்களில் இப்படிச் செய்தபின் அதுவே தானாகச் சொல்ல ஆரம்பிக்கும். முதல் முறை ஓர் ஏரியை அது தானாக அடையாளம் கண்டபோது நாங்கள் எல்லோரும் கைதட்டினோம். இவ்வளவு சந்தோஷமாக நான் எங்கேயும் படித்ததில்லை என்பதையும் தங்களிடம் சொல்லத்தான் வேண்டும்.

3. எங்கள் பயிற்றுநர் ஸ்ரீபெரும்புதூரைச் சேர்ந்த திரு. யதிராஜன். பொறுமையாகச் சொல்லிக் கொடுப்பார். ஒருவரையும் மட்டம் தட்டிப் பேச மாட்டார். கடைசிப் பயிற்சியாக அவரவர் சொந்த ஊரையே வரையச் சொன்னார். பழகிய இடமானால் தப்பு வராது என்றார். அது சரியான யோசனை என்று நானும் நினைத்தேன்.

4. இங்கே எங்கள் மைதானத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். மாலையில் பகல் ஷிப்ட் விடும் நேரத்தில் கம்பெனி பஸ்கள் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும். அப்போது கூடுவது எங்கள் ஷிப்ட் சந்தை. காய்கறி, கருவாடு, பூ, நைட்டி, செல்போன் கவர் என்று எல்லாம் கிடைக்கும். என் தாயார் சரோஜா அங்கே இட்லி, டீ கடை போடுகிறார். வெளியூரிலிருந்து வந்து லாட்ஜிலும் வாடகை அறையிலும் தங்கியிருக்கும் பிள்ளைகள் பாதிப் பேருக்கு அவர் கையால்தான் சாப்பாடு. இரண்டாம் ஷிப்ட் ஆட்கள் வந்து போனதும் சந்தை கலையும்.

5. அந்தச் சந்தைக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. கலையும்போது ஒரு குச்சியைக்கூட மைதானத்தில் விட்டுவைக்கக் கூடாது. வண்டி, பலகை, கல், கயிறு எல்லாம் வீட்டுக்குப் போய்விட வேண்டும். பெருக்கிவிட்டுத்தான் போவார்கள். இன்று ஒரு கல்லை வைத்தவர் நாளைக்கு அதைத் தன் இடம் என்பார், அதனால் யாருக்கும் அங்கே சொந்த இடம் கிடையாது என்று சந்தைக்காரர்கள் தாங்களே பேசி வைத்துக்கொண்டது இது. இதுவரை இதை மீறி ஒரு சண்டை வந்ததில்லை.

6. எங்களுக்குக் கொடுத்த செயற்கைக்கோள் படங்கள் எல்லாமே காலை பத்தரை மணிவாக்கில் எடுத்தவை. அந்தச் செயற்கைக்கோள் எப்போதும் அந்த நேரத்தில்தான் எங்கள் ஊருக்கு மேலே வருமாம். பத்தரை மணிக்கு எங்கள் மைதானத்தில் ஒரு நாய் படுத்திருந்தால் உண்டு. கொடுத்திருந்த பெயர்களிலும் ‘சந்தை’ என்று ஒன்று இல்லை. இதற்கு என்ன பெயர் போடுவது என்று நான் எழுந்து நின்று கேட்டேன். “படத்துல இருக்கறதை மட்டும் போடும்மா. மனசுல இருக்கறதைப் போடாதே” என்றார் யதிராஜன் சார். அதுதான் இந்தத் தொழிலின் விதி என்றார். நானும் மைதானத்தைச் சுற்றி நேர்த்தியாகக் கோடு போட்டு ‘பயன்பாடற்ற வெற்றிடம்’ என்று பெயர் ஒட்டினேன்.

7. இந்தப் படங்கள் வகுப்பை விட்டு எங்கும் போகாது, பயிற்சி முடிந்ததும் அழித்துவிடுவோம் என்று அவர் எல்லோர் முன்னிலையிலும் சொன்னார். நாங்கள் நம்பினோம். நம்பாமல் இருக்க எங்களுக்கு எந்தக் காரணமும் இல்லை.

8. சென்ற வாரம் ஊராட்சி அலுவலகப் பலகையில் அந்தக் குத்தகை விண்ணப்பத்தின் நகலை ஒட்டியிருந்தார்கள். கூடவே ஒரு வரைபடம். ஓரத்தில் வகுப்பில் எனக்குத் தந்த பயிற்சி எண் அழிக்கப்படாமல் அப்படியே இருந்தது. மூன்று ஆண்டுப் படங்களைக் கணினி ஆராய்ந்ததில், இந்த இடத்தில் ஒருமுறைகூட மனிதப் பயன்பாடு காணப்படவில்லை என்று கீழே எழுதியிருந்தார்கள். காணப்படாதுதான் ஐயா. அந்தக் கணினிக்கு அப்படிப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தவளே நான்தானே.

9. அங்கே சந்தை கூடும் விவரம் திரு. யதிராஜன் அவர்களுக்குத் தெரியாமல் நடந்துவிட்டது என்று பள்ளியில் சொல்கிறார்கள். இதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. வகுப்பு முடிந்து வீட்டுக்குப் போகும் வழியில் வண்டியை நிறுத்தி, அதே மைதானத்தில், என் அம்மா கையால் இட்லி வாங்கிச் சாப்பிட்டவர் அவர். ஒருநாள் இரண்டுநாள் இல்லை, பயிற்சி நடந்த காலம் முழுவதும். கூட்டத்தில் உட்கார இடமில்லாமல் நின்றுகொண்டே சாப்பிட்டிருக்கிறார். நேரில் போய் ஏன் சார் இப்படி என்று கேட்டேன். “நான் கொடுக்கலைம்மா, மேலே இருக்கறவா கேட்டா, ஃபைலை அனுப்பினேன்” என்றார். அனுப்புவதற்கும் கொடுப்பதற்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கு விளங்கவில்லை. என்னை நிமிர்ந்து பார்க்கவும் இல்லை.

10. பள்ளிக்கூடத்தைப் பற்றி ஊரில் யாருக்கும் தெரியாது. பலகை முன்னால் நின்று இது என் எண் என்று நானே சொல்லிவிட்டதால், கோடு போட்டது நான் என்பது மட்டும் எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. கருவாடு விற்கும் பாஞ்சாலி அக்கா என்னைத் தூக்கி வளர்த்தவர். அவர் பஸ் நிறுத்தத்தில் எல்லோரும் பார்க்க, “எங்க எடத்த நீயே கோடு போட்டுக் குடுத்துட்டியேடி, உனுக்கு இன்னா பாவம் பண்ணோம்” என்று கேட்டார். எங்கள் வீட்டிலும் பேச்சு குறைந்துவிட்டது.

11. பள்ளியிலிருந்து எனக்கு உதவிப் பயிற்றுநர் பணி ஆணை வந்திருக்கிறது. என் கோடுகள் மிகத் துல்லியமாக இருந்தனவாம். அந்த வேலை எனக்குத் தேவை. இருந்தும் ஆணையைத் திருப்பி அனுப்பிவிட்டேன். அடுத்த பயிற்சி அணியில் வாலாஜாபாத் பக்கத்துப் பெண்கள் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களையும் சொந்த ஊரையே வரையச் சொல்வார்கள். பக்கத்தில் நின்றுகொண்டு, படத்தில் இருப்பதை மட்டும் போடும்மா என்று என் வாயால் சொல்ல முடியாது.

12. ஆகவே, அந்த வரைபடத்தை ஆதாரமாக எடுத்துக்கொள்ளாமல், தாங்களோ தங்கள் அலுவலரோ பகல் ஷிப்ட் விடும் நேரத்தில் மைதானத்தை நேரில் வந்து பார்வையிட வேண்டும். எங்கள் படங்கள் யார் யாருக்குப் போயின என்று பள்ளியிடம் எழுத்துமூலம் விளக்கம் கேட்க வேண்டும். புதிதாகச் சேர்ந்த பெண்கள் கோடு போட உட்காரும் முன்பே, அவை எங்கே போகும் என்பதை அவர்களுக்குத் தெரிவிக்கச் செய்ய வேண்டும்.

13. இத்தகைய மனுவில் பாதிக்கப்பட்டவர்கள் எல்லோரும் கையெழுத்திடுவது வழக்கம் என்பதை அறிவேன். சந்தையில் ஒவ்வொருவரிடமும் தாளை நீட்டினேன். நான் கொண்டுவரும் எந்தத் தாளிலும் இனிக் கை வைப்பதில்லை என்று சொல்லிவிட்டார்கள். கடைசியாக என் தாயாரிடம் நீட்டினேன். அவர் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு, கூட்டத்துக்கு இட்லி வைக்கத் திரும்பிக்கொண்டார். எனவே இந்த மனுவில் ஒரு கையெழுத்துதான் இருக்கிறது. அதைக் காரணமாக வைத்து இதை ஒதுக்கிவிட வேண்டாம் என்று மிகவும் பணிந்து கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: செம்மேடு
நாள்: 17.02.2025

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பா. சுகப்பிரியா

இணைப்பு:
விண்ணப்பத்துடன் ஒட்டப்பட்டிருந்த வரைபடத்தின் நகல்.
அதே மைதானம், மாலையில் என் செல்போனில் எடுத்த படம்.