கேட்டுவிட்டு உட்காருதல்

மார்ச் 3, திங்கள்

இன்றும் ரயில்காரர் என்னை உட்கார விடவில்லை.

மூன்றாம் அறை, ஜன்னலோரக் கட்டில். ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர், நுரையீரல் புற்றுநோய். இனி மருத்துவம் செய்வதற்கு ஒன்றுமில்லை என்றான பிறகு, வலி தணிந்து நிம்மதியாக இருக்க நான் தன்னார்வலராகப் போகும் பராமரிப்பு இல்லத்துக்கு வந்திருக்கிறார். "உட்காரலாமா?" என்றேன். "வேணாம்" என்றார். நகர்ந்துவிட்டேன். தன்னார்வலர்கள் கேட்டுவிட்டுத்தான் உட்கார வேண்டும் என்பது அங்கே விதி. மற்ற எல்லாவற்றையும் பிறர் தீர்மானித்துவிட்ட மனிதருக்கு, ஒரு நாற்காலியை மறுக்கும் அதிகாரமாவது மிஞ்சட்டும்.

மாலையில் மருமகளோடு டேபிள் டென்னிஸ். இரட்டையர் போட்டி இருபத்திரண்டாம் தேதி. அவளுடைய சர்வீஸைக் கண்டால் எதிராளிக்குப் பயம் வருகிறது; என்னுடையதைக் கண்டால் இரக்கம் வருகிறது. இரண்டுமே பாயிண்ட் தருகின்றன.

மார்ச் 5, புதன்

என் வீட்டுக்காரருக்கு, பாலங்கள் கட்டி ஓய்ந்த பொறியாளருக்கு, முழங்கால் வலி. இல்லத்தில் நோயாளிகளின் வலியை அளந்து கேட்கும் பழக்க தோஷத்தில் "பத்துக்கு எத்தனை?" என்று கேட்டுத் தொலைத்தேன்.

"நான் இன்னும் சாகல. மார்க் போடாதே."

சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

"யார் யார் கட்டில் பக்கத்துலயோ போய் உட்கார்ற. எங்கூட கடைசியா எப்ப உட்கார்ந்த?"

பதில் சொல்ல வாயெடுத்தேன். வாசலில் மருமகள் ஹாரன் அடித்தாள். போய்விட்டேன்.

மார்ச் 6, வியாழன்

பதில் இன்னும் அகப்படவில்லை. முப்பது வருடம் தர்க்கவியல் கற்பித்தவளுக்கு இது அழகல்ல.

மார்ச் 10, திங்கள்

ரயில்காரர்: "வேணாம்."

வீட்டுக்காரர்: "இல்லம், மட்டை, வீடு. இந்த மாசம் முடியறதுக்குள்ள ஏதாவது ஒண்ணை விட்டுடு."

"வீட்டை விட்டுடட்டுமா?" என்றேன். எடுபடவில்லை. வாழ்நாள் முழுக்கக் கத்தியே கோபத்தைத் தீர்த்துக்கொண்ட மனிதர் இன்று மெதுவாகப் பேசினார். விளையாட்டாகச் சொல்லவில்லை போலிருக்கிறது — எதை விடுவேன்? எதையும் விட முடியாதே எனக்கு!

மார்ச் 12, புதன்

இன்று பேருந்து ஓடவில்லை. வீட்டுக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டே என்னை இல்லத்தில் கொண்டுவிட்டார். வரவேற்பறையில் காத்திருக்கச் சொல்லிவிட்டு உள்ளே போனேன். சற்று நேரத்தில் மூன்றாம் அறையிலிருந்து கூச்சல். ஓடினேன்.

"நீங்க கட்டின பாலமா அது? வண்டி ஏறினாலே ஆடுமேய்யா!"

"ஆடணும். ஆடாத பாலம்தான் உடையும். நீங்க என்ன ஸ்பீடுல ஏத்தினீங்க, அதைச் சொல்லுங்க முதல்ல!"

"என் ஸ்பீடைப் பத்தி நீங்க பேசாதீங்க!"

கழிப்பறை தேடிப் போன எங்கள் வீட்டுப் பொறியாளர், கதவு மாறி நுழைந்து, முழங்கால் தாங்காமல் கிடைத்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். கேட்கவேயில்லை! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "எழுந்திருங்க. கேட்காம உட்காரக் கூடாது இங்க."

ரயில்காரர் கையை அசைத்தார், எனக்கு. "நீங்க போங்கம்மா. நாங்க பேசிட்டிருக்கோம்ல."

தலைமைச் செவிலியிடம் முறையிட்டேன். "வந்ததுலேர்ந்து பால்கூட ஒழுங்கா குடிக்காதவர் சூப் கேட்டிருக்கார். உங்களுக்கு என்ன பிரச்சினை?" என்றாள்.

பிரச்சினை என்ன என்பதைக் கௌரவமான சொற்களில் எழுத முடியவில்லை. பொறாமை.

மார்ச் 17, திங்கள்

வீட்டுக்காரர் தினமும் ரயில்காரரிடம் போகிறார். காகிதச் சுருளும் பென்சிலுமாக. பாலத்தை வரைந்து காட்டுகிறாராம், தூண்கள் முடிந்துவிட்டனவாம். வீட்டில் சாப்பாடு ஆறிக் கிடந்தது. "பேச்சுல நேரம் போனதே தெரியல" என்றார். என்னுடைய வசனம். என்னிடமே.

மார்ச் 20, வியாழன்

"சனிக்கிழமை ஆட்டத்துக்குக் கட்டாயம் வர்றேன்" என்றார். மாதக் கெடுவைப் பற்றிப் பேச்சில்லை. நானும் எடுக்கவில்லை.

மார்ச் 22, சனி

இறுதிச் சுற்றில் தோற்றோம். அவர் வரவில்லை. தொலைபேசியையும் எடுக்கவில்லை. கைதட்டலுக்கு இடையே காலி நாற்காலியைப் பார்த்துப் பார்த்து மூன்று பந்துகளைக் கோட்டைவிட்டேன். திரும்பும் வழியெல்லாம் வாக்கியங்களைச் செதுக்கினேன். "அடுத்தவங்க கட்டில் பக்கத்துல உட்கார நேரமிருக்கு உங்களுக்கு" என்று தொடங்குவதாக ஏற்பாடு. அது யாருடைய வாக்கியம் என்பது வாசற்படி ஏறும்போதுதான் உறைத்தது.

சோபாவின் ஓரத்தில் இருந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. காகிதச் சுருள் பக்கத்தில்.

"மத்தியானம் போயிட்டார்" என்றார். பிறகு, "கடைசி வரைக்கும் ஒத்துக்கல. ஆடுதுன்னுதான் சொன்னார்."

வெளியே ஹாரன். பரிசளிப்பு விருந்துக்கு நேரமாகிவிட்டது. இரண்டாம் இடத்துக்கும் ஏதோ கோப்பை உண்டாம். வாசலுக்குப் போய் மருமகளிடம், "நீயே போய் வாங்கிக்கோ" என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுப் போனாள்.

உள்ளே வந்தேன். இல்லத்தில் எத்தனையோ கட்டில்களின் அருகே கேட்டிருக்கிறேன், வீட்டில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

"உட்காரலாமா?"

அவர் சுருளை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

மார்ச் 31, திங்கள்

மாதம் முடிந்தது. எதையும் விடவில்லை; அவரும் கேட்கவில்லை. மட்டை மாட்டிய இடத்தில்தான் இருக்கிறது. இல்லத்தில் ஐந்தாம் அறைக்குப் புதிதாக ஓர் அம்மையார். கேட்டேன், "வேணாம்" என்றார். மறுக்கத் தெம்பிருக்கிறது, மகிழ்ச்சி.

மாலை குறுக்கெழுத்தோடு சோபாவில் இருந்தேன். வீட்டுக்காரர் கையில் இரண்டு டீயோடு வந்து நின்றார்.

"உட்காரலாமா?"

"வேண்டாம்" என்றேன்.

உட்கார்ந்துவிட்டார்.