வெறுங்கழுத்து

இன்று காலை திருவிடைமருதூரில் பேருந்து ஏறினேன். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாளின் மடியில் பொங்கலுக்கு வாங்கிய மஞ்சள் கொத்து, வேரில் மண் ஈரம் காயாமல் இருந்தது. பச்சை மஞ்சள் வாசனை எனக்கு ஆகாது. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அந்த அம்மாள் விடவில்லை. என் நெற்றியைப் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார், வீட்டுக்காரர் தவறிவிட்டாரா என்று கேட்டார். ஆமாம் என்றேன். எத்தனை வருஷம், உடம்புக்கு என்ன, பிள்ளைகள் எத்தனை என்று ஆடுதுறை வருவதற்குள் என் சரித்திரம் முழுவதையும் வாங்கிவிட்டார். உனக்கு இந்த விசாரணை இருபத்து மூன்று வயதிலேயே தொடங்கிவிட்டது. அதுவும் புருஷன் குத்துக்கல்லாட்டம் இருக்கும்போதே.

மேடையில் மாலை மாற்றி, நாலு பேர் பேசி, கலர் சோடாவோடு முடிந்த கல்யாணம் உன்னுடையது. அப்படிச் செய்துகொண்ட கல்யாணமும் செல்லும் என்று சட்டம் வந்த அன்று உன் வீட்டுக்காரர் தெருவெல்லாம் மிட்டாய் கொடுத்தார். சட்டம் கோட்டையில் வந்ததே தவிர நம் பேருந்துக்கு வரவில்லை. ஒரே பள்ளிக்கூடத்தில் நாம் இரண்டு பேரும் டீச்சர், தினம் ஒரே பேருந்து. கம்பியைப் பிடிக்க நீ கையைத் தூக்கினால் போதும், முன்பின் தெரியாத யாராவது ஒருத்தி கேட்டுவிடுவாள். தாலி எங்கே, அறுந்துபோச்சா, இந்த வயதிலேயே இப்படி ஆகிவிட்டதா என்று உச்சுக் கொட்டுவாள்.

நீ முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. "அவரு நல்லா இருக்காருங்க. நாங்க தாலி இல்லாம கல்யாணம் பண்ணிக்கிட்டோம். நீங்க எந்த ஊருக்குப் போறீங்க?" இந்த மூன்றே வாக்கியம். மூன்றாவதைக் கேட்டதும் பெரும்பாலானவர்கள் தங்கள் ஊர்க்கதைக்குப் போய்விடுவார்கள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும். உங்கள் பாவாடை நாடா என்ன கலர் என்று நாங்கள் கேட்டோமா என்று ஒருமுறை ஒரு அம்மாளைக் கேட்டே விட்டேன். பேருந்தே சிரித்தது. நீ சிரிக்கவில்லை. இறங்கி வாய்க்கால் கரையோடு நடக்கும்போது, சண்டை போட்டால் அவர்களுக்குச் சண்டைதான் நினைவிருக்கும், பதில் நினைவிருக்காது என்றாய். உனக்கு ரொம்பத்தான் பொறுமை என்று நொடித்தேன்.

கூலி உயர்வு கேட்டு ஆட்கள் குறுவை அறுப்புக்கு இறங்க மறுத்த வருஷம் உன் வீட்டுக்காரர் அவர்களோடு நின்றார். நம் பள்ளிக்கூடத்தில் போலீஸ் வந்து தங்கியது. பிள்ளைகளைப் பூவரச மரத்தடியில் உட்காரவைத்து வாய்ப்பாடு சொல்லிக்கொடுத்தோம். புருஷன் எங்கே ஒளிந்திருக்கிறான் என்று அதிகாரி உன்னை விசாரித்தார். உன் கழுத்தைப் பார்த்துவிட்டு, தாலி இல்லாதவளுக்குப் புருஷன் எங்கே என்று எப்படித் தெரியும் என்று போலீஸ்காரர்களைப் பார்த்துச் சிரித்தார். "அவரு எங்க இருக்காருன்னு எனக்குத் தெரியாதுங்க. கழுத்தைப் பத்திக் கேக்கணும்னா உக்காந்து கேளுங்க, விவரமா சொல்றேன்" என்றாய். அவர் உட்காரவில்லை. ஆனால் சிரிப்பு நின்றுவிட்டது.

அன்று சாயங்காலம்தான் நீ அதைக் கேட்டாய். "நான் செத்தாலும் மொதல்ல இதைத்தான் கேப்பாங்க. அப்ப என்னால சொல்ல முடியாது. நீ சொல்லிடு. சண்டை போடாம சொல்லு." உனக்கு முன்னால் நான் போய்விடுவேன் என்று விளையாட்டாகச் சொன்னேன். நீ விடவில்லை. சொல்கிறேன் என்று உன் கையில் அடித்துக் கொடுத்தேன்.

அதற்கு மூன்றாம் வருஷம் உனக்கு மஞ்சள் காமாலை. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியிலிருந்து உன்னைக் கொண்டுவந்து கூடத்தில் கிடத்தினார்கள். துக்கம் கேட்க வந்த கூட்டத்தில் ஒருத்தி, உன்னை உயிரோடு பார்த்தே இராதவள், குனிந்து பார்த்தாள். "சுமங்கலிதானே? கழுத்து மூளியா கிடக்கே?" என்று பொதுவாகக் கேட்டாள்.

எல்லோரும் பதிலுக்குக் காத்திருந்தார்கள். உன் வாக்கியங்கள் எனக்கு மனப்பாடம். பேருந்தையே சிரிக்கவைத்த என் வாய் திறக்கவில்லை. உன் வீட்டுக்காரர் சொல்லட்டும் என்று அவரைப் பார்த்தேன். எத்தனை மேடையில் பேசியவர்! அவர் தரையைப் பார்த்தார். அதற்குள் உன் மாமியார் உள்ளே போய், மஞ்சள் துண்டைக் கட்டிய கயிற்றோடு வந்துவிட்டார். "எம் மருமகளை மூளியா அனுப்ப மாட்டேன். கட்டுடா" என்றார். அவரும் பாவம் அழுதுகொண்டேதான் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். "நீ புருஷன் புள்ளையோட இருக்கறவ. தலையைக் கொஞ்சம் தூக்கிப் புடிம்மா."

தூக்கிப் பிடித்தேன். உயிரோடு இருந்தபோது கட்டாத மனுஷன் உனக்கு அன்று தாலி கட்டினார். மூன்று முடிச்சு.

படத்திறப்பு அன்று அவர் பேசினார். கடைசி மூச்சு வரை கொள்கையில் நின்றவள் என்றார். பொய்யில்லை. மூச்சு நின்ற பிறகு நடந்ததைத்தான் விட்டுவிட்டார். எல்லோரும் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். அவர்மேல் எனக்கு இன்னும் ஆத்திரம் தீரவில்லை. ஆனாலும் கட்டும்போது அவருக்காவது கை நடுங்கியது. எனக்கு நடுங்கவில்லை. இத்தனை வருஷமாக இதை நான் யாரிடமும் சொன்னதில்லை, உனக்குத்தான் சொல்கிறேன். முடிச்சு விழ இடைஞ்சலாக இருந்த உன் பின்னங்கழுத்து முடியை, அவர் கேட்காமலே, நான்தான் ஒதுக்கிக் கொடுத்தேன்.