எடை குறைந்தவள் முன்னால்

ஜனவரி 4, சனி

கோல்டர் அணையில் ஐஸ் ஒன்பது அங்குலம். ட்ரவுட் மீன் பதினொன்று. அதில் ஆறு என் தூண்டிலில் விழுந்தவை. வேறு யாரும் இதைச் சொல்லப்போவதில்லை, அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

வழக்கம்போல நான்தான் முன்னால். ஐஸ் தாங்குமா என்று பார்க்கக் கடப்பாரையால் இரண்டு குத்து, ஓர் அடி. மறுபடி இரண்டு குத்து, ஓர் அடி. எனக்குப் பின்னால் முப்பதடி தள்ளி ரூலன் பனிவண்டியில். அவனுக்கும் பின்னால் அவன் தம்பி வெர்ல், வெர்லின் மருமகன், பக்கத்து வீட்டு ஆரின். நாலு பேரில் யாரும் இருநூறு பவுண்டுக்குக் குறைந்தவரில்லை. நான் நூற்றிருபத்திரண்டு. ‘எடை குறைஞ்சவங்க முன்னால’ என்பது கல்யாணமான முதல் குளிர்காலத்தில் ரூலன் போட்ட சட்டம். இருபத்திரண்டு வருஷமாக அமலில் இருக்கிறது.

வெர்ல் இன்றும் கத்தினான்: “அண்ணி, உள்ள விழுந்தீங்கன்னா அந்தக் கோகோ பிளாஸ்க்கை மட்டும் மேல தூக்கிப் பிடிச்சுக்கங்க!”

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பொய் சொல்வானேன், முன்னால் போவது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஜனவரி 15, புதன்

இருபத்திரண்டு வருஷம் அணைமேல் நடந்தவள் இன்று தபால் எடுக்கப் போய் வீட்டு வாசலில் வழுக்கி விழுந்தேன். வலது முட்டி பூசணிக்காய் அளவுக்கு வீங்கியிருக்கிறது.

ஜனவரி 17, வெள்ளி

ஜவ்வு கிழிந்திருக்கிறதாம். எட்டு வாரம் ஐஸ்மேல் கால் வைக்கக் கூடாதாம். ரூலனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். “ஐயையோ” என்றான். அப்புறம், “அப்ப யாரு முன்னால போறது?” என்று கேட்டான்.

வலிக்கிறதா என்று கேட்கவில்லை. இதை எழுதும்போதுதான் கவனிக்கிறேன்.

ஜனவரி 24, வெள்ளி

டெஸ்ஸா போகட்டும் என்கிறான் ரூலன். எங்கள் மகள், பத்தொன்பது வயசு, நூற்றுப் பதினைந்து பவுண்டு. இவன் இருநூற்று நாற்பது. “நீயே போயேன்” என்றேன்.

“நான் போனா ஐஸ் தாங்குமா? கணக்கு தெரியாம பேசாத மார்வா.”

டெஸ்ஸாவுக்குக் கண்ணெல்லாம் ஒளி. “நான் போறேம்மா, ப்ளீஸ். நீ சொல்லிக்குடு.” சமையலறையில் துடைப்பக் கம்பை வைத்துச் சொல்லிக்கொடுத்தேன். ஒவ்வோர் அடிக்கும் இரண்டு குத்து. முதல் குத்திலேயே கடப்பாரை உள்ளே போனால் வந்த வழியே திரும்பு. சத்தம் காலி டப்பாவைத் தட்டுகிற மாதிரி கேட்டால் அங்கேயே நில்.

ஒன்றைச் சொல்லிக்கொடுக்கவில்லை. அது என்னுடையது.

ஏரி ஐஸ் வேறு, அணை ஐஸ் வேறு. வார நடுவில் தண்ணீரைத் திறந்துவிட்டால் கீழே தண்ணீர் இறங்கிவிடும், மேலே ஐஸ் மட்டும் அந்தரத்தில் நிற்கும். கரையோரம்தான் மோசம். போன சனிக்கிழமை வண்டியைத் தாங்கிய இடம் இந்தச் சனிக்கிழமை ஆளைத் தாங்காது. அணையின் நீர்மட்டத்தைத் தினமும் இணையத்தில் போடுகிறார்கள். வெள்ளிக்கிழமை மாலை நான் பார்த்துவிடுவேன். இறங்கியிருந்தால், “இன்னிக்கி கிழக்குப் பக்கமா இறங்கலாமே, காத்து கம்மி” என்று ஏதாவது சொல்லி, ஐஸ் கீழே படிந்திருக்கும் வேறு கரையில் இறக்கிவிடுவேன். இத்தனை வருஷத்தில் ஒருவரும் ஏன் என்று கேட்டதில்லை. பொம்பளை இஷ்டம் என்று நினைத்திருப்பார்கள். நானும் சொன்னதில்லை. என்னிடம் எடை குறைவைத் தவிர வேறு ஒன்றும் இருக்கிறது என்று எனக்கு மட்டும் தெரிந்தால் போதும் என்றிருந்தேன்.

நீர்மட்டம் இந்த வாரம் இறங்கவில்லை. போகட்டும்.

ஜனவரி 25, சனி

பத்திரமாக வந்துவிட்டாள். மூக்கு சிவந்து, வாயெல்லாம் பல். ட்ரவுட் எட்டு.

பிப்ரவரி 1, சனி

இரண்டாவது தடவை. சாப்பாட்டு மேஜையில் ரூலன்: “உன்னவிட டெஸ்ஸா வேகம். நீ ஒவ்வொரு அடிக்கும் டொக்கு டொக்குன்னு குத்திட்டு நிப்ப. இவ நேரா போயிடறா.”

“நேரா போறாளா? குத்தாமலா?”

“போன வாரத் தடம் அப்படியே இருக்கும்மா” என்றாள் டெஸ்ஸா. “அதுமேலயே போயிட்டோம். வண்டியே தாங்கின தடம்தானே.”

தட்டை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டேன். பயமா, பொறாமையா? இரண்டும்தான்.

பிப்ரவரி 13, வியாழன்

பெரிய சண்டை. அவளை முன்னால் அனுப்பாதே என்றேன். என்ன காரணம் என்றான். அணை ஐஸை நம்பக் கூடாது என்றேன். “ஐஸ்னா ஐஸ்தான். இருபத்திரண்டு வருஷமா போறோம், ஒருத்தனுக்குக் காலாவது நனைஞ்சிருக்கா?” ஏன் நனையவில்லை என்று அவனுக்குத் தோன்றவே இல்லை! நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதற்குள் சொன்னான்: “நீ இல்லாம நாங்க நல்லாத்தான் போறோம். அதான் உனக்குப் பொறுக்கல.”

வாயை மூடிக்கொண்டேன். அதில் பாதி உண்மை இருந்ததால்தான் அப்படிச் சுட்டது.

பிப்ரவரி 14, வெள்ளி

டெஸ்ஸா என் அறைக்கு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள். “நாளைக்கு நான் போகலம்மா. நீங்க ரெண்டு பேரும் சண்டை போடாதீங்க, அது போதும்.”

மாலையில் நீர்மட்டம் பார்த்தேன். ஒரே வாரத்தில் நாலடி இறங்கியிருக்கிறது.

சொல்லமாட்டேன். அவன் வந்து கேட்கட்டும். டெஸ்ஸா போகவில்லை, அது போதும். கரையோரத்தில் இவன் முட்டிவரை நனைந்தால் என்ன வந்துவிடும்? வண்டி மாட்டிக்கொள்ளட்டும். நாலு பேர் முன்னால் இழுத்துக்கொண்டு நிற்கட்டும். அப்புறம் வீட்டுக்கு வந்து பேசட்டும்.

பிப்ரவரி 15, சனி

விடிந்து எழுந்து பார்த்தால் டெஸ்ஸாவின் படுக்கை காலி.

ஒன்பது முறை போன் பண்ணிவிட்டேன். அந்த மேட்டில் சிக்னல் கிடையாது. கடவுளே.

பிப்ரவரி 18, செவ்வாய்

இப்போதுதான் எழுத முடிகிறது. டெஸ்ஸாவுக்கு இடது கணுக்காலில் இரண்டு எலும்பு உடைந்திருக்கிறது. ஆறு திருகாணி. உயிருக்கு ஒன்றுமில்லை. உயிருக்கு ஒன்றுமில்லை என்று எத்தனை பேரிடம் சொல்லிவிட்டேன்.

காலை ஐந்து மணிக்கு ரூலன் அவளை எழுப்பியிருக்கிறான். “வெர்ல் ரெண்டு மணி நேரம் வண்டி ஓட்டிட்டு வந்திருக்கான். நீ வரலன்னா எல்லாரும் திரும்பணும்.” அவள் எழுந்து போய்விட்டாள். அப்பா கூப்பிட்டால் போகிற பெண்ணாகத்தானே வளர்த்தேன்.

போன வாரத் தடம். கடப்பாரையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்திருக்கிறாள். கரையிலிருந்து இருபது அடி. காலுக்குக் கீழே மொத்தமாக உடைந்து, நெஞ்சுவரை உள்ளே. இரண்டு ஐஸ் பாளத்துக்கு நடுவில் கால் சிக்கிக்கொண்டது. வெர்ல்தான் குப்புறப் படுத்து ஊர்ந்துபோய் அக்குளில் கைகொடுத்து இழுத்திருக்கிறான். ஆஸ்பத்திரி வராந்தாவில் அவன் என் முகத்தைப் பார்க்கவே இல்லை. ஒரு ஜோக் இல்லை. “அண்ணி...” என்றான். அப்புறம் தொப்பியைக் கையில் திருப்பிக்கொண்டே இருந்தான்.

பிப்ரவரி 20, வியாழன்

டெஸ்ஸா, மருந்து மயக்கத்தில்: “அப்பா முதல்ல வண்டியத் திருப்பினாரும்மா.”

“என்ன?”

“நான் கத்தினேன். அவர் வண்டியத் திருப்பிக் கரைக்குக் கொண்டுபோய் நிறுத்தினார். அப்புறம்தான் இறங்கினார். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்.”

மார்ச் 2, ஞாயிறு

மாதத்தின் முதல் ஞாயிறு. உபவாசம். சபையில் யார் வேண்டுமானாலும் எழுந்து போய், ஆண்டவர் தனக்குச் செய்ததைச் சாட்சி சொல்லலாம். ரூலன் எழுந்துபோனான்.

நல்ல பேச்சுக்காரன் என் புருஷன். உடைந்த ஐஸ், மகளின் கூப்பாடு, ஆண்டவரின் மெல்லிய குரல், ‘பயப்படாதே, போ’ என்றது, கயிற்றை எடுத்துக்கொண்டு இவன் ஓடினது. வெர்ல் படுத்து ஊர்ந்தது எங்கும் வரவில்லை. பனிவண்டியும் வரவில்லை. முன்வரிசையில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எங்கள் சபையை நடத்தும் பிஷப்பின் மனைவி திரும்பி என் கையை அழுத்தி, “எப்பேர்ப்பட்ட அப்பா!” என்றாள்.

டெஸ்ஸா ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். என்னைப் பார்த்தாள். நீயாவது எழுந்து சொல் என்கிற பார்வை. என்னால் எழுந்திருக்க முடியவில்லை. முட்டி அல்ல காரணம். எந்த முகத்தோடு எழுந்திருப்பேன்? வெள்ளிக்கிழமை மாலை நாலடி என்று பார்த்துவிட்டுச் சும்மா படுத்தவள் நான்.

மார்ச் 3, திங்கள்

ரூலனிடம் கேட்டுவிட்டேன். முதலில் வண்டியைத் திருப்பினாயா?

“அறுநூறு பவுண்டு மார்வா! அது அங்கயே நின்னிருந்தா இன்னும் உடைஞ்சு அவ தலைமேல வந்திருக்கும். அதனாலதான் எடுத்தேன்.”

சரியான பதில். யாரும் குறை சொல்ல முடியாத பதில். அந்த நிமிஷத்தில் அதுதான் அவன் மனசில் இருந்ததா என்பது அவனுக்கே தெரியாது என்று நினைக்கிறேன். எனக்குத் தெரிந்தது ஒன்றுதான் — அவன் இதைச் சொல்லும்போது என்னைப் பார்க்காமல் உப்பு டப்பாவைப் பார்த்தான்.

நான் மட்டும் யார் முகத்தைப் பார்க்கிறேனாம்.

ஏப்ரல் 19, சனி

மலையில் ஐஸ் உருகத் தொடங்கிவிட்டது. டெஸ்ஸாவிடம் சொல்லிவிட்டேன். நீர்மட்டம், நாலடி, எல்லாம்.

பிறகு கேட்டாள்: “நான் போகமாட்டேன்னு நினைச்சதால சொல்லலையா?”

“ஆமா.”

“அப்ப அப்பா விழுந்தா பரவாயில்லையா? சித்தப்பா விழுந்தா?”

“முட்டிவரைதான் நனையும்னு...”

“எனக்கு நெஞ்சுவரை வந்துச்சும்மா.”

அப்பாவிடம் சொல்வாயா என்று கேட்டேன். “நான் ஏன் சொல்லணும்? அது நீ சொல்ல வேண்டியது” என்றாள். கதவைச் சத்தமில்லாமல் சாத்திக்கொண்டு போனாள். அறைந்து சாத்தியிருக்கலாம்.

ஆகஸ்ட் 23, சனி

கல்லூரி விடுதிக்குப் போய்விட்டாள். மூன்று மணி நேரத் தொலைவு. பெட்டியைத் தூக்கும்போது இன்னும் லேசாகக் காலை இழுத்து நடக்கிறாள். ரூலன் ஆரினிடம், “பயங்கர தைரியசாலி எங்க பொண்ணு, அப்பா மாதிரி” என்றான். உள்ளே போய்ப் பாத்திரம் கழுவினேன். ஏற்கெனவே கழுவிய பாத்திரங்கள்.

அக்டோபர் 9, வியாழன்

டெஸ்ஸாவுக்கு நான் அனுப்புகிற செய்திகளுக்கு வருகிற பதில்: ‘ம்.’ ‘சரி.’ ‘பார்க்கலாம்.’ இன்றைக்கு: ‘நலம்.’

நவம்பர் 27, வியாழன்

நன்றி சொல்லும் பண்டிகை. அவள் வரவில்லை. தோழி வீட்டுக்குப் போகிறாளாம். வான்கோழியில் பாதி அப்படியே மிஞ்சிவிட்டது. வெர்ல் இரண்டாம் முறை பரிமாறிக்கொண்டு, “இந்த வருஷம் முதல் ஐஸுக்கு யாரு முன்னால?” என்று சாதாரணமாகக் கேட்டான். கேட்டதும் தானே வாயை மூடிக்கொண்டான். ரூலன் குழம்பை என் பக்கம் நகர்த்தினான். நான் ஊற்றிக்கொள்ளவில்லை.

டிசம்பர் 12, வெள்ளி

நாளைக்குப் போகிறார்கள். ஐஸ் ஐந்து அங்குலம் பிடித்திருக்கிறதாம். ரூலன் கராஜிலிருந்து, “முட்டி இப்ப எப்படி இருக்கு?” என்று கேட்டான். பதினொரு மாதத்தில் முதல் தடவை. எதற்காக என்று தெரியாதா எனக்கு.

“வலிக்குது” என்றேன். வலிக்கவில்லை.

மாலையில் நீர்மட்டம் பார்த்தேன். பழக்கம். மூன்றடி இறங்கியிருக்கிறது.

டிசம்பர் 13, சனி

பதினொரு மணிக்கே ரூலன் திரும்பிவிட்டான். பேசாமல் கராஜுக்குள் போனான். சற்று நேரத்தில் வெர்ல் போன் பண்ணினான். அவனுக்குத்தான் எதையும் வயிற்றில் வைத்துக்கொள்ளத் தெரியாதே.

“அண்ணி, வெக்கக்கேடு. ஒண்ணேகால் மணி நேரம் கரையில நின்னோம். அண்ணன் என் மருமகனப் போகச் சொன்னார். மருமகன் ஆரினைக் காட்டினான். ஆரினுக்கு இதய வால்வாம், இன்னிக்கித்தான் ஞாபகம் வந்திருக்கு. என்னை எல்லாரும் பார்த்தாங்க. எனக்குப் பிப்ரவரியே போதும்னு சொல்லிட்டேன். கடப்பாரைய ஒருத்தர் கையிலேர்ந்து ஒருத்தர் கைக்கு மாத்திக்கிட்டே இருந்தோம். கோகோவ அங்கயே குடிச்சிட்டு வந்துட்டோம்.”

சிரித்தேன். வயிறு வலிக்கச் சிரித்தேன். நாலு பேருமாகத் தொள்ளாயிரம் பவுண்டு ஆம்பளைகள் ஒரு கடப்பாரையைக் கைமாற்றிக்கொண்டு நின்ற கோலம்! யாரிடமாவது சொல்ல வேண்டும் போலிருந்தது. டெஸ்ஸாவைக் கூப்பிட்டேன். அதிசயமாக எடுத்தாள். சொன்னேன். அவளும் சிரித்தாள். ஆரினின் வால்வில் வந்தபோது “ஐயோ அம்மா, போதும்” என்றாள். எட்டு மாதம் கழித்துக் கேட்கிறேன் அந்தச் சிரிப்பை.

பிறகு நின்றுபோனது.

“அம்மா. நேத்து லெவல் பார்த்தியா?”

“... பார்த்தேன்.”

“எவ்வளவு?”

“மூணடி.”

“அவங்ககிட்ட சொன்னியா?”

ஜன்னலுக்கு வெளியே ஆரின் பனியை வாரிக்கொண்டிருந்தார். அவருக்கு அறுபத்தெட்டு வயசு. இரண்டு பேத்திகள்.

“அம்மா, சொன்னியா?”

“என்னை யாரும் கேட்கலடி.”

அவள் அழுகிறாளா, மூச்சு விடுகிறாளா, தெரியவில்லை. “போய்ச் சொல்லு. இப்ப. ரெண்டு தடவையும் சேர்த்துச் சொல்லு. நான் லைன்லயே இருக்கேன்.”

போனைக் கையில் பிடித்துக்கொண்டே கராஜுக்குப் போனேன். ரூலன் பனிவண்டியின் மேல் தார்ப்பாயை மூடிக்கொண்டிருந்தான். நேற்று மூன்றடி இறங்கியிருந்தது, எனக்குத் தெரியும் என்றேன். கையை நிறுத்தினான்.

“தெரிஞ்சுமா எங்களை அனுப்பின?”

“ஆமா.”

கொஞ்ச நேரம் தார்ப்பாயைப் பார்த்தான். பிறகு மெதுவாக, “பிப்ரவரியிலயும் தெரியுமா?” என்று கேட்டான்.

“பிப்ரவரியிலயும்.”

அவன் தூண்டில் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்தான். நான் நின்றுகொண்டிருந்தேன். டெஸ்ஸா போனை வைக்கவில்லை.